ஓமத் தீக்கு ஓர் இடம் தேடி: லுவார் கரையில் ஆறு நாட்கள்

முதல் நாள்: பாரிஸ், லா ஷப்பல்

என் அக்கா மகளின் திருமணத்தை அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் கிராமப்புறத்தில், பழைய கோட்டை மாளிகை ஒன்றில் நடத்துவது என்று இரு வீட்டாரும் முடிவு செய்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அவள் எட்டு ஆண்டுகளாகப் பாரிசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர், அவருடைய பெற்றோர் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தூர் நகரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் குடியிருக்கிறார்கள். அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அதிக நாளாகவில்லை என்பதால், இடம் பார்த்துப் பேசி முடிக்கும் பொறுப்பு தாய்மாமனாகிய என்னிடம் வந்திருக்கிறது. நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்திலிருந்து புறப்படும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, அரண்மனை எவ்வளவு பெருசுன்னு எனக்கு வேண்டாம். அக்னி சாட்சியா தாலி ஏறணும். அதுக்கு அங்க இடம் இருக்கான்னு பாத்துட்டு வா."

ஆகவே தெற்கே போவதற்கு முன்பு இன்று லா ஷப்பல் பகுதிக்குச் சென்றோம். கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறம் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடங்கிவிடுகின்றன. ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் நாற்பது ஆண்டுகளில் உருவாக்கிய கடைத்தெரு இது. வாழை இலை, மாவிலை, மல்லிகைச் சரம், தாலிச் சரடு, குத்துவிளக்கு என்று கல்யாணத்துக்கு வேண்டியவற்றில் இங்கே கிடைக்காதது குறைவு. 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இப்போது பஜோல் தெருவில் இயங்கிவரும் மாணிக்க விநாயகர் ஆலயத்தில் தேங்காய் உடைத்துவிட்டு, திருமணங்களை நடத்திவைக்கும் ஐயர் ஒருவருடன் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நாள் குறிப்பதில் நான் எண்ணிப் பார்க்காத சிக்கல்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் கல்யாணம் வைக்க விரும்பும் ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்ட் முற்பகுதியும் நமக்கு ஆடி மாதம். எனவே வைகாசி, ஆனி, இல்லையென்றால் ஆவணி. விருந்தினர் எல்லோரும் வந்து சேர வேண்டுமானால் சனிக்கிழமையாக இருக்க வேண்டும். சனிக்கிழமையில் ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்று நம் வீட்டு நாட்காட்டி சொல்வது, பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்ட கணக்கு. தூர் நகரில் ஜூன் நடுவில் ஆறு மணிக்குச் சூரியன் எழுந்து இரவு பத்து மணிக்குச் சற்று முன்புதான் மறைகிறது. பகலை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சனிக்கிழமைக்குரிய மூன்றாம் பங்கு, பத்து மணியை ஒட்டித் தொடங்கிப் பன்னிரண்டை ஒட்டி முடிகிறது. ஐயர் இதைத் தாளில் போட்டுக் காட்டிவிட்டு, எட்டு மணிக்கு மேல் ஒன்பதரைக்குள் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பொருந்தும் சனிக்கிழமைகள் இரண்டையும் குறித்துக் கொடுத்தார். அம்மிக்கல்லைத் தாமே வண்டியில் கொண்டுவருவதாகவும், நாதசுரமும் தவிலும் வாசிப்பவர்கள் பாரிசிலேயே இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பயணம் முழுவதும் எங்களுடன் வரப்போகிறது என்று நினைக்கிறேன். "தீ மூட்ட அனுமதி வாங்கிவிட்டீர்களா? கோட்டைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார்கள், நெருப்புக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார்கள்."

இரண்டாம் நாள்: தூர், சம்பந்தி வீடு, ஊராட்சி அலுவலகம்

மோன்பர்னாஸ் நிலையத்தில் ஏறிய அதிவேக ரயில், 240 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய பொழுதில் கடந்து, தூர் நகரத்தை அடுத்த சேன் பியர் தே கோர் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது. வழியெல்லாம் ஏப்ரல் மாதத்துக் கடுகு இனப் பயிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மாப்பிள்ளையின் தந்தை காருடன் காத்திருந்தார்.

மதிய உணவில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டும், இவ்வூரின் பெருமையான சேன்ட் மோர் என்னும் ஆட்டுப்பால் கட்டியும் பரிமாறினார்கள். உருளையாக இருக்கும் அந்தக் கட்டியின் நடுவே ஒரு வைக்கோல் தண்டு ஊடுருவிச் செல்கிறது. சம்பந்தி அம்மாள் ஒரு குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து விருந்தினர்களில் யார் யார் சைவம், முட்டை சேர்ப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மரபு முறையில் செய்யும் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள் என்பதை அவராகவே சொல்லி, விருந்து மேசையில் ஒவ்வொரு தட்டின் முன்பும் இதை எழுதிவைக்க வேண்டும் என்றார். எங்கள் வழக்கம் அறியாத ஓர் அம்மையார் இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்திருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

பிற்பகலில் அவ்வூர் 'மேரி'க்குச் சென்றோம். பிரான்சில் ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு மேயரும், அவருடைய அலுவலகமாகிய மேரியும் உண்டு. வெளிநாட்டில் கோட்டைக் கல்யாணம் நடத்த எண்ணும் நம்மவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த அலுவலகத்தைப் பற்றித்தான். 1792ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் சட்டப்படி செல்லும் திருமணம் ஊராட்சியின் முன் நடப்பது மட்டுமே. கோட்டையில் நடக்கும் சடங்கு எத்தனை விரிவானதாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது திருமணம் ஆகாது. அது மட்டுமன்று, பதிவுத் திருமணம் முடிந்ததற்கான சான்றைப் பார்க்காமல் சமயச் சடங்கை வழக்கமாக நடத்திவைக்கும் குருமாரைத் தண்டிக்கும் பிரிவும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. ஆக, மேயர் முன்னிலையில் கையெழுத்து முதலில், தாலி பிறகு. இந்த வரிசையை மாற்ற இயலாது.

எந்த ஊரில் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளவும் முடியாது. மணமக்களில் ஒருவருக்கு அந்த ஊரில் குடியிருப்பு இருக்க வேண்டும், அல்லது ஒரு மாதமாவது தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பெற்றோரின் குடியிருப்பும் போதும் என்றாகிவிட்டது. எங்களுக்குக் கை கொடுத்தது அந்தத் திருத்தம்தான். மாப்பிள்ளையின் பெற்றோர் இங்கே இருப்பதால் இந்த மேரியிலேயே பதிவு செய்யலாம்.

ஆவணங்களின் பட்டியலை அங்கிருந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். அதில், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்தில் முத்திரை வேண்டும். நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் பெயர்க்க வேண்டும். மணமாகாதவர் என்ற சான்றும், அவர் நாட்டுத் திருமணச் சட்டத்தை விளக்கும் சான்றும் தனியே. இவற்றையெல்லாம் கொடுத்த பிறகு பத்து நாட்கள் மேரியின் வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். சாட்சிகள் இரண்டு பேருக்குக் குறையாமலும் நான்கு பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆறு மாதக் கெடுவும் பதிவு நாளும் ஒன்றையொன்று முந்திக்கொள்ளாதபடி, பிறப்புச் சான்றிதழை ஜனவரி கடைசியில் வாங்குவது என்று குறித்துக்கொண்டேன்.

முகூர்த்தம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என்றால் பதிவை வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கும் சம்மதித்தார்கள். மூவண்ணப் பட்டையை அணிந்த மேயர் குடிமைச் சட்டத்தின் பிரிவுகளை மணமக்களுக்கு வாசித்துக் காட்டுவாராம். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மதிப்பும் உண்மையும் உதவியும் துணையும் கடன்பட்டவர்கள் என்பது அவற்றுள் முதலாவது. மணம் பொதுவில் நடப்பதாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நேரம் முழுவதும் கூடத்தின் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. நம் ஊரிலும் கல்யாண வீட்டுக் கதவை யாரும் சாத்துவதில்லை.

மூன்றாம் நாள்: இரண்டு மாளிகைகள்

சுல்லியிலிருந்து ஷலோன் வரை ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளத்துக்கு லுவார் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஷாம்போர், ஷெனோன்சோ போன்ற அரச மாளிகைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் திருமணங்கள் பெரும்பாலும் நடப்பது பெயர் தெரியாத தனியார் மாளிகைகளில்தான். பரம்பரையாக வந்த வீட்டின் கூரையையும் சுவரையும் காப்பாற்றும் செலவு கைக்கு மீறிப் போகும்போது, உரிமையாளர்கள் கோடைக்கால வார இறுதிகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஜூன் சனிக்கிழமைகள் ஓராண்டுக்கு முன்பே போய்விடுவதால்தான் பதினான்கு மாதங்களுக்கு முன்பாக வந்திருக்கிறோம்.

முதலில் பார்த்த மாளிகை மூச்சை நிறுத்தியது. இருபுறமும் அகழி, நான்கு மூலையிலும் கூம்புக் கூரையிட்ட கோபுரங்கள், கருநீலக் கற்பலகை வேய்ந்த கூரை. சுவர் முழுவதும் இந்தப் பகுதிக்கே உரிய துஃபோ என்னும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். நான் கையால் தொட்டுப் பார்த்தேன். நகத்தால் கீறினாலே பொடி உதிரும் மென்மையான கல் அது. கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். தண்ணீரை உறிஞ்சுவதுபோலவே எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் அரிசியையும் குங்குமத்தையும் இந்தப் படிகளில் நூற்றைம்பது பேர் தூவினால் என்ன ஆகும் என்பது ஒரு கட்டடக்காரனாக எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் கவலையை நானே முதலில் சொன்னதும் நிர்வாகி அம்மையார் நிம்மதியுடன் சிரித்தார்.

ஆனால் தீயைப் பற்றிச் சொன்ன கணத்தில் அவர் முகம் மாறியது. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரலாற்றுச் சின்னமாகப் பதிவான கட்டடம் இது. உள்ளேயும் வெளியேயும் எங்கும் திறந்த தீ கூடாது. மெழுகுவத்தி கூடக் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்றார். 2019 ஏப்ரலில் நோத்ர் தாம் பேராலயத்தின் மரக்கூரை எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவிலிருந்து தமக்குத் தீ என்றாலே தூக்கம் வருவதில்லை என்று அவர் சொன்னபோது, வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பயம் நியாயமானது. கூரைக்குள் நானூறு ஆண்டுப் பழமையுள்ள ஓக் உத்தரங்கள் காய்ந்து கிடக்கின்றன. மின்சார விளக்கைப் பட்டுத் துணியால் சுற்றி ஒளிரச் செய்யும் ஓமகுண்டம் ஒன்றைச் சென்ற ஆண்டு ஒரு குடும்பம் பயன்படுத்தியதாகச் சொன்னார். நெய் சொரிய முடியாத அக்னியை அக்கா ஏற்கமாட்டார், நானும் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது மாளிகையில் முற்றத்தில் சிறிய தீ வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே தடங்கல் வேறு வகையானது. உணவை அவர்கள் குறிப்பிடும் சமையல் ஒப்பந்தக்காரர்தான் தர வேண்டும்; வெளியாரை விடமாட்டார்கள். அவர் தரும் சைவ உணவின் பட்டியலில் மூன்று வகைகள் இருந்தன, மூன்றுமே காளான். எட்டு மணி முகூர்த்தம் என்றதும் இன்னும் தயங்கினார்கள். இங்கே கல்யாணம் பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி அதிகாலை இரண்டு மணி வரை நடப்பது. காலையில் மாளிகையைத் திறந்துவிடும் வழக்கமே அவர்களுக்கு இல்லை. மண்டபத்தில் ஒலியளவி ஒன்று பொருத்தியிருந்தார்கள். வரம்பைத் தாண்டினால் அது தானாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நாதசுரத்துக்கு மின்சாரம் தேவையில்லை என்று என் மருமகள் விளக்கியபோதும், அண்டை வீட்டார் எண்பது மீட்டர் தொலைவில் இருப்பதால் காலை ஏழரை மணிக்குத் தவில் முழங்குவதை அனுமதிக்க இயலாது என்று மறுத்துவிட்டார்கள்.

மாலையில் அக்காவிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். "கோயில்லயே வெச்சுட்டு, விருந்தை மட்டும் அங்க வெச்சா என்ன?" என்று கேட்டார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். மாப்பிள்ளையின் தொண்ணூற்றொரு வயதுப் பாட்டி பாரிஸ் வரை பயணம் செய்ய இயலாதவர். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கல்யாணத்தையே இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

நான்காம் நாள்: லாங்ஷே

இன்று பார்க்கவேண்டிய மாளிகைக்காரர் சந்திப்பைத் தள்ளிவைத்ததால், மாப்பிள்ளை எங்களை லாங்ஷே கோட்டைக்கு அழைத்துச் சென்றார். லுவார்க் கரையில் நடந்த கல்யாணங்களில் வரலாற்றை மாற்றியது ஒன்று என்றால், அது நடந்த இடம் இதுதான். பதினோராம் லூயி 1465ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டையில், 1491 டிசம்பர் 6 அன்று பிரான்சின் மேற்கு ஓரத்தில் அப்போது தனி ஆட்சியாக இருந்த பிரித்தானியின் இளம் கோமகள் ஆன், பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசை மணந்தார். பெண்ணுக்குப் பதினான்கு வயது, மன்னருக்கு இருபத்தொன்று. அதற்கு முன் ஆண்டில்தான் ஆனுக்கும் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனுக்கும், மாப்பிள்ளை நேரில் வராமல் பிரதிநிதி மூலம் மணம் நடந்திருந்தது.

சடங்கு நடந்த கூடத்தில் மெழுகுச் சிலைகளாக எல்லோரையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கே நின்றபோது என் மனத்தில் தைத்தது திருமண ஒப்பந்தம். மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால், அவருக்குப் பின் அரியணை ஏறுபவரையே ஆன் மணக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். 1498இல் அம்புவாஸ் கோட்டையின் தாழ்ந்த நிலைப்படியில் தலை மோதிச் சார்லஸ் இறந்தார். ஒப்பந்தத்தில் உள்ளபடியே அடுத்த ஆண்டு ஜனவரியில் பன்னிரண்டாம் லூயிக்கு ஆன் மனைவியானார். ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு இடமில்லாமல் நிலத்துக்காக நடந்த மணம் அது. என் மருமகள் அந்தச் சிறுமியின் சிலை முன்னால் வெகுநேரம் நின்றாள்.

வேறொரு கூடத்தில் கோட்டை வடிவத்திலேயே செதுக்கிய கணப்பு மாடம் இருக்கிறது. மதில், ஞாயில், அவற்றின் இடையிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறு மனித உருவங்கள் எல்லாம் அடுப்பின் மேல்முகத்தில் அமைந்திருக்கின்றன. ஷாம்போரில் 282 கணப்பு அடுப்புகள் உண்டு. இந்த வீடுகள் எல்லாமே தீயைச் சுற்றிக் கட்டப்பட்டவை. குளிரில் அரசர் முதல் வேலைக்காரர் வரை அதன் முன்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இவற்றில் ஒரு சாண் தீ மூட்ட இடம் கிடைக்காது என்பதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஐந்தாம் நாள்: திராட்சைத் தோட்டத்துத் தீ

அதிகாலை ஐந்து மணிக்குச் சம்பந்தி கதவைத் தட்டினார். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், எதிர்ச்சரிவில் இருந்த திராட்சைத் தோட்டம் முழுவதும் வரிசை வரிசையாகத் தீபங்கள் எரிந்துகொண்டிருந்தன. கார்த்திகைக்கு ஊர் முழுவதும் அகல் ஏற்றியதுபோல இருந்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இரண்டு பாகை போயிருந்தது. ஏப்ரலில் திராட்சைக் கொடி துளிர்விட்டு நிற்கும்போது உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சல் ஒரே இரவில் கருகிப் போகும். ஆகவே மெழுகு நிறைத்த தகர வாளிகளை ஹெக்டேருக்குச் சில நூறு என்ற கணக்கில் கொடிகளுக்கிடையே வைத்து, விடியும் வரை எரியவிட்டுக் காற்றைச் சூடாக்குகிறார்கள். 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனியில் இந்தப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாட்டைச் சம்பந்தி சொல்லிக்கொண்டே வந்தார். மே 11 முதல் 13 வரையுள்ள மூன்று நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' என்று அழைப்பார்களாம். அவை கடக்கும் வரை யாரும் மென்மையான செடிகளை வெளியே நடுவதில்லையாம்.

பதினோரு மணிக்கு மூன்றாவது வீட்டுக்குச் சென்றோம். இதை மாளிகை என்பதைவிடக் கோட்டை வீடு என்பது பொருந்தும். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், ஒரே ஒரு கோபுரம், அகழி தூர்ந்து புல்தரையாகிவிட்டது. வீட்டின் பின்னால் கருங்கல் பாவிய பெரிய களமுற்றமும், அதன் ஒரு பக்கம் ஓக் உத்தரக் கூரையுடன் கூடிய நெடிய களஞ்சியமும், இன்னொரு பக்கம் இரும்புத் தூண்களில் தகடு வேய்ந்த உழவு வண்டிக் கொட்டகையும் இருந்தன. அண்டை வீடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். உரிமையாளர் அறுபதைக் கடந்த பெரியவர். கை நிறையக் கரியுடன் எங்களை வரவேற்று, கைகுலுக்க முடியாததற்கு வருத்தம் தெரிவித்தார். இரவு முழுவதும் மைத்துனரின் தோட்டத்தில் வாளி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் தீயைப் பற்றிச் சொன்னதும், இதுவரை வேறு யாரும் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார். எத்தனை நேரம் எரியும்? எவ்வளவு உயரம்? எந்த விறகு? புகை எந்தப் பக்கம் போக வேண்டும்? தரையில் நேராகவா, பீடத்தின் மேலா? நான் காகிதத்தில் வரைந்து காட்டினேன். இரண்டடிச் சதுரத்தில் செங்கல் குண்டம், அதன் கீழே நான்கு அங்குல மணல், சமித்தும் நெய்யும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்குச் சுடர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அவர் முற்றத்தில் நடந்து பார்த்து, களஞ்சியத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஓரிடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார்.

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். எல்லாம் எனக்குச் சரியாகப் பட்டன. குண்டத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் துணித் தோரணமோ வைக்கோலோ கூடாது. பந்தல் துணி இந்நாட்டுத் தீத்தடுப்புத் தரத்தில் எம்2 வகையாக இருக்க வேண்டும், அதிலும் குண்டத்துக்கு நேர் மேலே திறந்திருக்க வேண்டும். தீயணைப்புக் கருவிகளுடன் இருவர் அருகிலேயே நிற்க வேண்டும். ஊர் மேயருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வறட்சி மிகுந்து மாவட்ட ஆட்சியகம் திறந்தவெளித் தீக்குத் தடை விதித்தால், அந்தத் தடைக்கு அவர் கட்டுப்படுவார், நாங்களும் கட்டுப்பட வேண்டும். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று ஐயரைத் தொலைபேசியில் கேட்டேன். மூடியுள்ள சிறிய இரும்புக் குண்டத்தில் கைப்பிடியளவு அக்னியை வளர்த்தாலும் சாத்திரத்துக்குக் குறைவில்லை என்றார். அதையும் உரிமையாளர் ஏற்றுக்கொண்டார்.

மழை வந்தால்? ஜூனில் இங்கே மழைக்கு உத்தரவாதம் இல்லை. விருந்தினரைக் களஞ்சியத்துக்குள் கொண்டுபோகலாம். ஆனால் மரக்கூரையின் கீழ் தீ கூடாது. நான் தகரக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். இரும்புத் தூண், தகடு, மண் தரை, மூன்று பக்கமும் திறப்பு. எரியக்கூடியது எதுவும் அதில் இல்லை. டிராக்டரை வெளியேற்றி, தரையைப் பெருக்கிச் சாணம் தெளிக்காவிட்டாலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, தூண்களில் வாழைமரம் கட்டிவிட்டால் அதுதான் எங்கள் மழைக்கால மணமேடை. நம் ஊர்க் கல்யாணங்களும் இப்படிப்பட்ட பந்தலின் கீழ்தான் நடந்துவந்தன. மருமகள் அந்தக் கொட்டகையைப் பார்த்து, "இது போதும் மாமா, எனக்கு இதுவே பிடிச்சிருக்கு" என்றாள்.

சமையலறை என்று அவர்கள் காட்டியது, தண்ணீர்த் தொட்டியும் குளிர்பதன அறையும் மும்முனை மின் இணைப்பும் கொண்ட காலி அறை. பிரான்சில் பெரும்பாலான மாளிகைகளில் இவ்வளவுதான் இருக்கும். அடுப்பு, பாத்திரம் எல்லாம் சமையல்காரர் கொண்டுவர வேண்டும். லா ஷப்பலிலிருந்து சமையல் குழு வெள்ளிக்கிழமையே வந்துவிடும். சூடாகப் பரிமாறும் உணவை 63 பாகைக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது இந்நாட்டு விதி. சாம்பாருக்கும் ரசத்துக்கும் அது சிரமமில்லை. பொரியலையும் கூட்டையும் பந்திக்குப் பந்தி சமைப்பதே நல்லது.

ஆறாம் நாள்: ஒப்பந்தம்

வெள்ளி காலை முதல் ஞாயிறு மாலை வரை வாடகை 9,600 யூரோ, கையெழுத்திடும்போது முப்பது விழுக்காடு. ஒப்பந்தத்தை மாப்பிள்ளை வரிவரியாகப் படித்துக் காட்டினார். முன்பணம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதற்குப் பிரெஞ்சில் இரண்டு சொற்கள் இருக்கின்றன; இவற்றின் வேறுபாட்டை இங்கே கல்யாணம் வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஆர்' என்று எழுதியிருந்தால், நாம் விலகிக்கொள்ளும்போது கொடுத்த தொகை மட்டும் போகும். அவர்கள் விலகினால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோந்த்' என்று எழுதியிருந்தால் இரு தரப்பும் முழுமையாகக் கட்டுண்டவர்கள். விலகினால் முழு வாடகையும் கூடக் கேட்கலாம். எங்கள் தாளில் 'அக்கோந்த்' என்றிருந்தது. கேட்டவுடன் பெரியவர் மறுப்புச் சொல்லாமல் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையொப்பமிட்டார். தீ தொடர்பாகப் பேசியவை அனைத்தும், வரைபடத்துடன், பிற்சேர்க்கையாக இணைக்கப்பட்டன.

நாளின் ஒழுங்கும் வடிவம் பெற்றுவிட்டது. வெள்ளி பிற்பகல் மேரியில் பதிவு. சனி காலை முகூர்த்தம், பதினோரு மணியிலிருந்து களஞ்சியத்தில் வாழை இலைப் பந்தி. பிற்பகல் நான்கு மணிக்கு, சடங்குக்கு வராத ஊராரையும் அழைத்துக் கோப்பை ஏந்தி வாழ்த்தும் 'வேன் தொன்னேர்' என்னும் இவ்வூர் வழக்கம். இரவு விருந்தின் முடிவில் கிரீம் உருண்டைகளைப் பாகில் ஒட்டிக் கூம்பாக அடுக்கிய பலகாரம். தரையில் அமர இயலாத பெரியவர்களுக்கு நாற்காலி, பாட்டியின் நாற்காலி முதல் வரிசையில். மஞ்சள் அரிசியைக் கருங்கல் முற்றத்தில் மட்டும் தூவுவது, வீட்டின் வெண்கல் படிகளில் விரிப்பு போடுவது என்று நானே எழுதிச் சேர்த்தேன்.

ஊரிலிருந்து வரும் இருபத்தெட்டுப் பேரும் பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வயதுவந்த ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் கட்டாயம். வயதானவர்களின் காப்பீட்டைக் கடைசி வாரத்துக்கு விடக் கூடாது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அக்கா காணொளியில் வந்தார். முற்றத்தைச் சுற்றிக் காட்டினேன். தகரக் கொட்டகையையும் மறைக்காமல் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "கிழக்கு எது தம்பி?" என்று கேட்டார். நான் ஏற்கெனவே திசைகாட்டி வைத்துப் பார்த்திருந்தேன். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் வடகிழக்கில் வெகுவாக ஒதுங்கி எழுவதால் உதிக்கும் இடத்தை வைத்துத் திசை பார்க்க முடியாது. களஞ்சியத்தின் இடது மூலைக்கும் கிணற்றுக்கும் நடுவே போகும் கோடுதான் நேர்க் கிழக்கு. அந்தப் பக்கம் முகம் வைத்து மணமக்கள் உட்காரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டினேன். பெரியவர் வீட்டுக்குள் போய் ஒரு காலிப் பூந்தொட்டியை எடுத்துவந்து, மழையில் கோடு அழிந்தாலும் இடம் தெரிய வேண்டும் என்று சொல்லி அந்தக் கல்லின் மேல் வைத்தார்.